படத்துக்கு ஒரு கூந்தல்

“இந்தம்மாவும் மொட்டையா?” என்று கேட்டுவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் ஹில்டா.

ஹில்டா லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவி. யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும், ஓர் ஆண்டு தங்கிப் படம் வரையச் சொல்லிக் கல்லூரி அவளைத் திருத்தணிக்கு அனுப்பியிருந்தது. மிஷன் பள்ளி வாத்தியார் சற்குணம் வீட்டில் சாப்பாடும் படுக்கையும். வாத்தியாரின் மனைவி ஜெபகுமாரியிடம் தமிழ் கற்றதால், வெள்ளைக்காரப் பெண்ணின் பேச்சில் வந்துகினு, போய்கினு எல்லாம் தாராளமாகப் புழங்கின.

என்ன படம் என்பதைக் கல்லூரிக்கு எழுதியும் போட்டுவிட்டாள். தலைக்குக் குளித்துவிட்டு, முழங்கால் வரை தொங்கும் கூந்தலை உலர்த்துகிற பெண். அந்தப் படம் கண்காட்சியில் இடம் பிடித்தால்தான் மேற்கொண்டு படிக்க உபகாரச் சம்பளம். இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு டைப் அடிக்கிற வேலை தேட வேண்டியதுதான்.

சிக்கல், அவள் ஆள் பிடித்த இடத்தில் இருந்தது. மலையடிவாரக் குளத்தங்கரையில் அருமையான கூந்தலோடு யாராவது நிற்பார்கள். ஹில்டா கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைப்பாள். எண்ணெய் வண்ணப் படம் ஒரு நாளில் ஆகிற காரியமா? முகத்தில் பாதி வருவதற்குள் வெயில் இறங்கிவிடும். மறுநாள் வரச் சொன்னால் நாணயமாக வந்து நிற்பார்கள், வேண்டுதலை முடித்துக்கொண்டு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. ஆர்.கே.பேட்டைக்காரி அப்படித்தான் வந்தாள். இன்றைக்கு அம்மையார்குப்பத்து ஜெயம்மாவும் அப்படியே வந்து, சிரித்துவிட்டு வேறு போனாள்.

“மொட்டை போட்டுக்க வர்றவங்ககிட்ட போய் முடியைத் தேடிகினு கீறியே, உன்னை என்னன்னு சொல்றது” என்று அலுத்துக்கொண்டாள் ஜெபகுமாரி. பிறகு என்ன நினைத்தாளோ, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். முழங்காலைத் தொட்டது கூந்தல்.

இத்தனை நாள் இதை மறைத்து வைத்திருந்தீர்களே என்று ஹில்டாவுக்குக் கோபம்கூட வந்தது.

“எங்க வூட்ல தாத்தா காலத்திலேருந்தே சர்ச்சுதான். மொட்டை, வேண்டுதல்ங்கிற பேச்சே கெடையாது. என் முடி எங்கியும் போவாது. நீ பயப்படாம வரை.”

சற்குணம் லேசில் சம்மதிக்கவில்லை. கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்து ஜம்பகம், பக்கத்து வீடாயிற்றே என்று கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலை வாசலோடு திருப்பியவர் அவர். கர்த்தர் கொடுத்த முடியைப் படமாகத் தீட்டிப் பெருமை அடிப்பதா என்று தொடங்கி, வண்ண நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்பது வரை தினமும் ஒரு பாட்டம் சத்தம் போட்டார். ஆனால் ஹில்டா சாப்பிட உட்காராமல் அவரும் சாப்பிட மாட்டார்.

முகம் முடிந்தது. சேலை முடிந்தது. கூந்தல் மட்டும் பாக்கி என்றபோது ஹில்டா படுத்துவிட்டாள். விஷக்காய்ச்சல். அரக்கோணத்து டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார். வாத்தியாரும் மனைவியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு ஜெபித்தபடி கிடந்தார்கள்.

எப்படியோ காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்த பெண், கஞ்சி குடித்த கையோடு கேட்டது தூரிகையைத்தான். இந்த வாரக் கப்பலுக்குப் படம் போயாக வேண்டும்.

ஜெபகுமாரியோ பிடிகொடுக்கவில்லை. அரிசி புடைக்கணும் என்றாள். துணி ஊறிக்கினு இருக்குது என்றாள். காலையில் ஜெபத்துக்குப் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்றாம் முறை சொன்னபோது ஹில்டாவுக்குப் பொறுமை போயிற்று.

“ஒரு மணி நேரம் உக்காருங்கம்மா. என் படிப்பே இதுலதான் கீது” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

முக்காடு நழுவியது. உள்ளே ஒரு முடிகூட இல்லை.

ஹில்டாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றாள். இனி யார் தலையை வரைவது என்று தூரிகையை வீசினாள்.

“ஆண்டவர்கிட்ட கேட்டுகினுதான் இருந்தேன். அவர் கேப்பாருன்னும் தெரியும்” என்றாள் ஜெபகுமாரி மெதுவாக. “ஆனா அன்னிக்கு நீ கண்ணே தொறக்கல. எனக்கு மனசு கேக்கல. நம்ம ஊர்ல குடியிருக்கிற சாமியாச்சே, அவரையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்னு வேண்டிகினேன். இன்னிக்குக் காலைல போய்க் குடுத்துட்டு வந்தேன். படம் போனா இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம். நீ போயிருந்தா உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஹில்டா அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஐயாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, தெரிந்தால் வீட்டில் வைக்க மாட்டார் என்று ஜெபகுமாரி முந்தானையைத் தேடுகிறபோதே கதவு திறந்தது. மணவூரில் வேலை இருக்கிறது என்று விடியுமுன் கிளம்பிப் போன சற்குணம் உள்ளே வந்தார். மனைவியின் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

ஹில்டா குறுக்கே போய் நின்று, தப்பு முழுக்கத் தன்னுடையது, அம்மாவை ஒன்றும் சொல்லக் கூடாது என்று திக்கித் திணறினாள். வாத்தியார் அவளைக் கையமர்த்தினார்.

“காலைலேருந்து நானும் மலைமேலதானே இருந்தேன், நீ எந்தப் பக்கமா வந்தே?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தபடியே தலைப்பாகையை அவிழ்த்தார். அவர் தலையும் மொட்டைதான்.