பூவாளியின் உபசாரம்

தோட்டத்துக்குப் புதிதாகச் சோற்றுக்கற்றாழை வந்ததும் பூவாளிக்குத் தலைகால் புரியவில்லை. பொழுது விடிந்தால் போதும், தண்ணீரோடு வந்து நின்றுவிடும்.

"போதும்க்கா! போன வாரம் குடிச்சதே இன்னும் மடல்ல அப்படியே இருக்கு," என்றது கற்றாழை.

"எங்க தோட்டத்துக்கு வந்துட்டுப் போதும்னு சொல்லலாமா? கூச்சப்படாம குடி, கண்ணு!"

கற்றாழையின் அடிமடல்கள் அழுகத் தொடங்கின. நல்லவேளையாக, அந்த வாரமே பூவாளியின் அடியில் ஓட்டை விழுந்தது.

"ஐயோ, என் கண்ணு தாகத்துல செத்துருமே!" என்று கோடை முழுக்க மூலையில் கிடந்து புலம்பியது பூவாளி.

ஒரு நாள் காலையில் பார்த்தால், கற்றாழை நெடுநெடுவென்று தண்டு விட்டுக் கொத்தாக மஞ்சள் பூ பூத்திருந்தது!

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எல்லாம் நான் ஊத்தின தண்ணி!" என்று தோட்டமே அதிரக் கத்தியது பூவாளி.

கற்றாழை அந்த ஓட்டையை நன்றியோடு பார்த்தது.