சர்டிபிகேட் வேண்டாம்

பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் கோடைப் பயிற்சிக்கு வருவான் என்று தகவல் வந்ததிலிருந்து பட்டறைக்காரர் தவசிக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. சங்கரன்கோவிலில் வேறு எந்த மோட்டார் பட்டறைக்கும் அந்தக் கௌரவம் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றான் வெள்ளத்துரை. அவன் வாயைத் திறக்குமுன், "டிரெய்னிங்தான? உள்ள வாங்க தம்பி!" என்று கையைப் பிடித்து இழுத்தார். குடிக்கக் கலர் வந்தது. உட்கார அவருடைய நாற்காலியே கிடைத்தது.

பழுதான மோட்டாரைக் கொடுத்துவிட்டு நடையாய் நடக்கும் விவசாயிகளுக்கு மட்டும், வழக்கம்போல் நிமிர்ந்து பார்க்காமலே பதில் போனது: "நாளைக்கு வாரும் வே!"

"பழகுறதுக்கு ஏதாவது ஒண்ணைப் பிரிங்க தம்பி."

வெள்ளத்துரை நேரே மூலைக்குப் போய், தூசி மண்டிய ஒரு மோட்டாரை இழுத்து வந்தான். செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதைக் காட்டித் தருகிறேன் என்று முக்கால்வாசி வேலையைத் தவசிக்கண்ணுவே செய்தார். சனிக்கிழமை மோட்டார் ஜம்மென்று ஓடியது.

"கெட்டிக்காரன்லே நீ! சர்டிபிகேட்ல எந்த ஊருன்னு போட?"

"சர்டிபிகேட் வேண்டாம் அண்ணாச்சி, மோட்டாரைக் குடுங்க. பங்குனியில எங்கய்யா ரிப்பேருக்குப் போட்டது. அங்கன மிளகாச் செடி கருகுது."

"அப்ப நீ பாலிடெக்னிக் இல்லியா?"

"நீங்க எங்க பேச விட்டிய? மோட்டாரைக் கேட்டு வந்தப்பல்லாம் மூஞ்சியைப் பாக்காமலே நாளைக்குன்னிய. டிரெய்னிங்னதும் கலர் குடுத்திய."

அடுத்த திங்கட்கிழமை பட்டறை வாசலில் விவசாயிகளின் பெருங்கூட்டம். முன்னால் நின்ற பொக்கைவாய்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"டிரெய்னிங்குக்கு வந்திருக்கோம் வே. கலர் சொல்லும்!"