மேசைக்கு அடியில் மொத்தம்

மூன்று பேர் மேசைமேல் ஏறி நின்றார்கள். ஒருத்தி மட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் முக்கால். மேல மூணு பேர், தொகுதி. மேசை, நடுவுல இருக்கிற கோடு. கீழ நாலு பேர், பகுதி" என்றாள் சின்ன டீச்சர்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூன்றாம் வகுப்பில் இருப்பதே நாலு பேர். அதில் மூன்று பேரை மேலே ஏற்றியாகிவிட்டது.

ஆள் குள்ளம் என்பதால் சின்ன டீச்சர். வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இன்று அதிகாரி வருகிறார். ஐந்து பிள்ளைகள் இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு. ஐந்தாவது பையன் போன வாரம்தான், அப்பாவுக்கு மாற்றல் வந்து, அழிரப்பரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போயிருந்தான்.

வகுப்பு போனால் டீச்சர் வேலையும் போச்சு. பிள்ளைகள் ஆளுக்கொரு திக்கில் சிதறிவிடும்.

நாலே பேர்தான், ஆனால் நாலும் முத்து என்று பின்னக் கணக்கில் காட்டிவிட வேண்டும். அவளிடம் இருந்த திட்டமெல்லாம் அவ்வளவுதான். அதற்காகவே வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, மேசைமேல் தரை வரை தொங்கவிட்டிருந்தாள்.

விரிப்புக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மிஸ், பகுதின்னா மொத்தம்னுதானே நேத்து சொன்னீங்க? மேல நிக்கிறவங்களும் மொத்தத்துல சேர்த்திதானே? அப்ப அவங்க கீழயும் இருக்கணுமே!"

கேட்டது வாயாடி. கேள்வி கேட்டே மனுஷியின் உயிரை வாங்குகிறவள். ஆனால் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பாழாய்ப்போன முக்காலில் அந்த மூன்று பேர் மேலேயும் நிற்க வேண்டும், அதே நேரத்தில் கீழேயும் உட்கார வேண்டும்.

மேலே நின்ற இரட்டையர் இருவரும் ஒருவனை ஒருவன் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டார்கள். தங்களால் முடியும் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாமவன் தும்மினான். அவன் பெயரே தும்மல்தான்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் எல்லோரையும் அடியில் இறக்கினாள். நாலு பேரும் கீழே, மூன்று பேர் மட்டும் கையை மேசை விளிம்புக்கு மேலே நீட்ட வேண்டும். எந்தக் கை எங்கே என்று சரிசெய்ய அவளும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நுழையும்போது தலை ணங்கென்று இடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"என்னப்பா இது, ஒரு ஈ காக்காயக் காணோம்?"

தும்மல் தும்மினான்.

"ஓகோ, அடியிலயா இருக்கீங்க? எனக்கு இடுப்புல பெல்ட்டு, குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இருக்கிறவங்க கையத் தூக்குங்க, எண்ணிட்டுப் போறேன்."

நாலு கைகள் மேலே போயின. 'சார்' என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். வாயாடியின் இடது உள்ளங்கை அந்த வாயைப் பொத்தியது. மேலே போயிருந்த வலது கை இறங்கிவந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தள்ளிவிட்டு, பழையபடி தன் இடத்துக்குப் போனது.

ஐந்து கைகள்.

ஒரு கையில் மட்டும் சாக்பீஸ் தூள், சிவப்பு மை, ஒரு கைக்கடிகாரம். டீச்சருக்கு விரிப்பின் ஓரத்தில் அதிகாரியின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது ஒவ்வொரு கையாகக் கடந்துவந்து, அவள் கைக்கு நேரே நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. செத்தோம் என்று நினைத்தாள்.

"இதுல வாட்ச் கட்டின கை எத்தனை பங்கு?"

"அஞ்சுல ஒரு பங்கு சார்" என்றாள் வாயாடி. "தொகுதி ஒண்ணு, பகுதி அஞ்சு. வேணும்னா இன்னொரு தடவ எண்ணிக்கங்க."

"டீச்சர் எங்க?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயாடிக்கு வாயடைத்துப்போனது. தும்மல்கூடத் தும்மவில்லை.

மேலே பேனா ஓடும் சத்தம் கேட்டது. பூட்ஸ் திரும்பி நடந்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. டீச்சர் சத்தமாகப் படித்தாள்.

"மூன்றாம் வகுப்பு. மாணவர் ஐந்து. வகுப்பு தொடரலாம். பின்னப் பாடம் நன்று. ஆசிரியர் பணியில் இல்லை. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரட்டையர் குதித்த குதியில் மேசை ஆடியது.

"மிஸ், நீங்கதான் இன்னைக்கு வரவே இல்லையே" என்றாள் வாயாடி. "அப்ப வீட்டுப்பாடம் கிடையாதுல்ல?"

டீச்சர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தாளின் அடியில், கையெழுத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவள் கைக்கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடும். அவள் நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இப்போதுதான் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

அந்த வரியை மட்டும் அவள் வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டாள்.

"பார்வையிட்ட நேரம் பதினொன்று பத்து, ஐந்தாம் மாணவியின் கடிகாரப்படி."