ஒரே ஒரு வாளி

கை கழுவிவிட்டு வந்ததிலிருந்து விரல்களில் ஒரு நாற்றம். பசுமை ஆலை விருதுக்கு நடுவராக வந்த இடத்தில் அதைச் சொல்வது நாகரிகமில்லை என்று பேசாமலிருந்தேன்.

மருந்து ஆலை மேலாளர் மெல்லிய குழாய்ச் சுருளைப் பெருமையாகத் தட்டினார். "முன்னெல்லாம் பெரிய கலன்ல மொத்தமா காய்ச்சுவோம் சார். தினம் எட்டு பீப்பாய் விஷக் கழிவு. இப்ப குழாய்ல ஓட ஓடவே மருந்து ரெடி. கழிவு ஒரே ஒரு வாளி!"

அசந்துபோய், விருதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்த்துடலாமா?"

"ஒரு வாளிக்கு அது எதுக்கு சார்? இடிச்சுட்டு கார் நிறுத்துறோம்."

"அப்ப அந்த வாளி?"

படிவத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கை கழுவினீங்களே, அந்தத் தொட்டியிலதான் ஊத்துவோம்."

வாயைப் பொத்தத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது.