பூச்சு இறுகும் வரை

கீச், கீச் என்று கார் தகட்டில் துணி உராயும் சத்தம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தினம் இரண்டு வேளை கேட்டது. காலையில் நிதானமாக, வட்டம் வட்டமாக. சாயங்காலம் அவசர அவசரமாக.

காலைச் சத்தம் கண்ணாடி மாமாவுடையது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காரை ஓட்டிப் பிழைத்தவர், வயதான காலத்தில் சொந்தமாக ஒரு நீலக் கார் வாங்கியிருந்தார். பெயின்ட் மங்காமலிருக்க அதற்கு சீலன்ட் என்கிற மெழுகு மாதிரிப் பூச்சைப் பூசித் துடைத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

“முகம் பார்த்துத் தலை சீவிக்கோங்க. சீப்பு மட்டும் மேல படக் கூடாது” என்பார், போகிற வருகிறவர்களிடம்.

சாயங்காலச் சத்தம் மருமகளுடையது. மாமா மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்ததும் வாளியோடு வருவாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து ஊற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்து, காலையில் அவர் பூசியதை ஒரு பொட்டு விடாமல் எடுத்துவிடுவாள்.

மாடி வீட்டு அம்மாளுக்கு வேறென்ன வேண்டும்? மாமனார் மேல் இருக்கிற ஆத்திரத்தை மருமகள் கார் மேல் காட்டுகிறாள் என்று சொன்னாள். காதும் காதும் வைத்த மாதிரித்தான் சொன்னாள், தெருவுக்கே கேட்டது.

வெளியூரில் இருந்த மாமாவின் மகளுக்கும் அது எட்டியது. ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அப்போது மருமகள் பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ கேள்விப்பட்டதெல்லாம் நிஜந்தானா அண்ணி?”

மருமகள் துணியைக் கீழே வைக்கவில்லை. மாமா தூங்குகிறார், மெதுவாகப் பேசு என்றாள்.

“தூங்கட்டும். எழுந்ததும் என்னோட கிளம்பட்டும்.”

வயசான மனுஷர் காலையெல்லாம் குனிந்து நிமிர்ந்து பூசியதைப் பொழுது சாய்வதற்குள் அழிக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டாள். பெற்ற மகள் ஒருத்தி இருக்கும்போது அப்பாவுக்கு இந்த வீட்டில் என்ன தலையெழுத்து என்றாள். அவருடைய துணிமணிகளை எடுத்து வைக்க உள்ளே போகத் திரும்பினாள்.

“தாராளமாக் கூட்டிட்டுப் போ. வண்டியையும் சேர்த்துக் கொண்டு போகணும். தினம் சாயங்காலம் நீ இதைச் செய்யணும். முடியுமா உன்னால?”

மகள் நின்றாள்.

மருமகள் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மாமாவுக்கு மறதி முற்றிவிட்டது. இனிமேல் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்டால்தானே. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். ஒரு சின்னப் பெண்ணின் சைக்கிள் காரின் முன்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. அவள் எகிறிக் குதித்ததால் பிழைத்தாள். மறுநாள் காலையில் மாமாவுக்கு அது எதுவும் நினைவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கக் கிளம்பினார்.

சாவியை ஒளித்தால் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால், மாட்டுவது அவருக்குச் சட்டைப் பித்தான் போடுகிற மாதிரி. காரையே வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டபோது, திருட்டுப் போய்விட்டதென்று தெருத் தெருவாக அலைந்தார்.

எல்லாம் மறந்தவருக்குத் தொழில் மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் பானெட்டில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பார். முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, வண்டியை எடுக்கலாம். பரவி ஓடினால் பூச்சு போய்விட்டது, புதிதாகப் பூச வேண்டும். பூசின அன்றைக்கு அது இறுகும் வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும். இளவட்டத்திலிருந்து அவர் வைத்திருக்கிற சட்டம் அது. முதலாளியே அவசரம் என்றாலும் அசைய மாட்டாராம்.

அதனால் தினம் சாயங்காலம் பூச்சு போய்விட வேண்டும். தினம் காலையில் தண்ணீர் பரவி ஓட வேண்டும். டாக்டருக்கும் மகனுக்கும் அடங்காதவர் தன் சட்டத்துக்குத் தானே அடங்கி, “நாளைக்கு எடுத்துக்கலாம்” என்று சந்தோஷமாக வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

மகளுக்குக் குரல் இறங்கிவிட்டது. “அப்பாகிட்ட நேராச் சொல்லிப் பார்த்திருக்கலாமே அண்ணி.”

“சொன்னோம்மா. தினம் சொன்னோம். தினமும் அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்கிற மாதிரி, ‘அந்தப் புள்ளைக்கு என்னாச்சு’ன்னு அழுதார். அதைப் பார்க்க முடியாமத்தான் இது.”

மகள் கைப்பையை மதில் மேல் வைத்துவிட்டு, வாளியில் கிடந்த இன்னொரு துணியைப் பிழிந்து எடுத்தாள். பின்பக்கம் இன்னும் தேய்க்காமல் இருந்தது.

ஊருக்கு அவள் தனியாகத்தான் திரும்பிப் போனாள். கண்ணாடி மாமா அடுத்த மழைக்காலத்தில், அந்த வீட்டிலேயே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.