ஷூவுக்குள் கிளிஞ்சல்

ஸ்பானியர்கள் ஆண்ட ஹவானாவில் அடிமைகளின் மேளத்தைத் தடை செய்திருந்தார்கள். கறுப்பின வயலின் கலைஞன் விசென்ட்டே அந்தத் தாளத்தைத் தன் நடன இசைக்குள் ஒளித்து வைத்திருந்தான். வயலின் காட்டிக்கொடுக்காது. தன்னையறியாமல் தட்டும் கால்தான் காட்டிக்கொடுக்கும்.

மாளிகை விருந்துக்குக் கிளம்பும்போது மனைவி ஃபெலிப்பா அவன் ஷூவுக்குள் உடைந்த கிளிஞ்சல் ஒன்றைப் போட்டாள். "குத்தினா தட்ட மாட்டீங்க."

விருந்தில் ஸ்பானிய கேப்டன் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன வாரம் வாசிச்சியே, அதையே வாசி. நான் உன் காலைத்தான் பார்க்கப்போறேன்."

காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு வாசித்தான். ரத்தம் காலுறையை நனைத்தது. கால் அசையவில்லை. ஆனாலும் தரையில் அந்தத் தாளம் கேட்டது.

கேப்டன் குனிந்து, தட்டிக்கொண்டிருந்த தன் பூட்ஸைப் பார்த்தார். நிறுத்தினார். யாராவது கவனித்தார்களா என்று மெல்ல நிமிர்ந்தார்.

விசென்ட்டேயின் கண்கள் இன்னும் அந்த பூட்ஸின் மேலேயே இருந்தன.