டாக்டர் முதுகுதான் முதுகா?

அடி வாங்கப் போன இடத்தில், ஒரு அடிகூட வைக்காமல் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். நம்பிக்கையான ஒருவர் கையால் முதுகில் நாலு வாங்கினால் போதும், உடம்பும் மனசும் பஞ்சாகிவிடும் அவருக்கு. ஏன் என்று அவருக்கே தெரியாது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. முதலில் பயந்தாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் கை தேர்ந்துவிட்டாள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள்.

ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கிற சின்ன ஊர். தன்னைப் போல இங்கே இன்னும் சிலர் இருப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. செல்போனில் தேடித் துழாவி, கடைசியில் அவர்கள் கூடுகிற ஒரு டான்ஸ் கிளாஸ் மாடிக்கு வழி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிளாஸ் இல்லாத நேரம்.

அங்கே எல்லாம் ஒரு பெண்மணியின் பொறுப்பு. டவுன் பஸ் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் 'கேப்டன்'.

"எந்த வார்த்தை சொன்னா நான் கையை நிறுத்தணும்?" என்று முதல் நாளே கேட்டார் கேப்டன்.

"வார்த்தையெல்லாம் வேணாங்க. நிறுத்தவே வேணாம்."

கேப்டன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க, லிஃப்ட்காரரே."

அடுத்த வாரமும் டீதான். அதற்கடுத்த வாரம், "அந்த ஃபேன் கடகடங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்கள். மெக்கானிக் ஏணியில் நின்றபடி கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே வருகிற ஒரு பல் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேப்டன் கையால் ஆசை தீர வாங்கினார். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி பளிச்சென்று திரும்பி, "அப்பாடா!" என்று சொல்லிவிட்டு ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஏன், டாக்டர் முதுகுதான் முதுகா? எனக்கு வயசாயிடுச்சா, இல்ல என் சட்டையில கிரீஸ் நாத்தம் அடிக்குதா? ஃபேன் ரிப்பேருக்கு மட்டும் நான் வேணுமாக்கும்!"

டாக்டர் கடித்த பன்னைக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரம் வாங்க, பேசலாம்" என்றார் கேப்டன்.

"இனி இந்தப் படி ஏறினா ஏன்னு கேளுங்க!"

சொன்னபடியே அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. மத்தியானம் வீட்டு மணி அடித்தது. வாசலில் கேப்டனும் பல் டாக்டரும்.

"நீங்க வரலேன்னதும் மனசு கேக்கலே" என்றார் டாக்டர்.

உள்ளே வந்தவர்கள் சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார்கள்.

"எப்படி ஆச்சு?" என்றார் கேப்டன், மெதுவாக.

யாரிடமும் சொல்லாததை அவர் அன்றுதான் சொன்னார்.

"நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னா. வாயுவா இருக்கும், வெந்நீர் குடின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சு, ஆளுங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்க. அத்தனை பேரையும் பத்திரமா வெளிய எடுத்தேன். இவளை விட்டுட்டேன்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். 'விதி', 'உங்க தப்பில்லே' என்று யாரும் ஆரம்பிக்கவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கேப்டன் கேட்டார். "அவங்க கை எப்படி? பலமா?"

அவருக்கே தெரியாமல் உதடு விரிந்தது. "பலமா? ஒருநாள் ஓங்கினா பாருங்க, குறி தப்பிக் கட்டில் சட்டத்துல பட்டுருச்சு. அடி வாங்க வேண்டிய நான் அவ கைக்கு ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 'உன் ஆசையில இடி விழ'ன்னு ராத்திரி முழுக்கத் திட்டு!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அதில் தன் குரலும் கலந்திருந்தது அவருக்கே அதிசயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறையும் தவறவிடவில்லை. அடியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அவளைப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. வீட்டில் ராத்திரி தூக்கம் வந்தது. வேலையில் விசில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி ஏறி வந்ததும் கூச்சத்தோடு கேப்டன் பக்கத்தில் போய் நின்றார்.

"வந்து... 'பூசணிக்கா'ன்னு சொன்னா நிறுத்திடுங்க. அவளும் நானும் வச்சிருந்த வார்த்தை. சொல்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துரும்."

கேப்டன் உடனே எழுந்து பெல்ட்டை எடுத்தார். "வாங்க!"

மெக்கானிக் நம்பமுடியாமல் பார்த்தார். "நிஜமாவா? அப்ப இத்தனை நாள் ஏங்க அடிக்கலே?"

"இங்க சந்தோஷத்துக்கு வர்றவங்களுக்குத்தான் அடி, லிஃப்ட்காரரே. நீங்க தண்டனை வாங்கத்தானே வந்திருந்தீங்க!"